ஸ்டேஜிங் என்றால் மேடை இல்லையாம்

பாளையம்பட்டி,
பங்குனி 9.

பெங்களூரில் இருக்கும் மருமகன் சிரஞ்சீவி ஆனந்தகுமாருக்கு, உன் தாய்மாமன் அருஞ்சுனை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே வெயில் பரம சௌக்கியம். அதற்கு அடுத்தபடியாக நானும் உன் அத்தையும் மகள் ஜோதிகாவும் ஏதோ சௌக்கியம். அங்கே உன் சுகத்துக்கும், சாத்தூரில் என் அக்கா முத்துலட்சுமியின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்பதற்கும் பதில் எழுதவும்.

இந்தக் காலத்தில் யார் மாமா கடிதாசி எழுதுறது என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் உன்னோடு பேசிப் பேசி எனக்குச் சலித்துவிட்டது. போன மாதம் நான் வயிறு எரிந்து கூப்பிட்டபோது நீ முதலில் கேட்ட கேள்வி, "எந்த என்விரான்மென்ட்ல மாமா பிரச்சினை?" என்விரான்மென்ட் என்றால் சுற்றுச்சூழல் என்று ஜோதிகா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சத்தம் போட்டுப் படித்தது என் காதில் விழுந்திருக்கிறது. அதனால் உள்ளதைச் சொன்னேன். "என்னத்தச் சொல்ல மாப்ளே, கம்மாயில சொட்டுத் தண்ணி இல்ல, சீமக்கருவேலந்தான் செழிப்பா நிக்கிது" என்றேன். பிறகு, "அது இல்ல மாமா, லோக்கலா, ஸ்டேஜிங்கா, புரடக்‌ஷனா?" என்றாய். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இவனிடம் பேசினால் காரியம் ஆகாது, எழுதித்தான் ஆக வேண்டும் என்று. கடிதத்தை நீ குறுக்கே பேசாமல் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

என் தொழில் உனக்குத் தெரியாதது இல்லை. முப்பத்தொரு வருசமாகப் பந்தல் போடுகிறேன், கல்யாண மேடை கட்டுகிறேன், நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். எல்லாம் ஒரு நீள நோட்டில் நடந்தது. தேதி, ஊர், வீட்டுக்காரர் பேர், எத்தனை கம்பு, எத்தனை தகரம், அவ்வளவுதான். நோட்டில் எண்ணெய்க் கறை உண்டு, எலி கடித்த பக்கம் உண்டு. ஆனால், "முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில அருஞ்சுனை கம்பு வந்து எறங்கல" என்று இந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் சொன்னது கிடையாது. நான் சம்பாதித்தது அது ஒன்றுதான். இத்தனை கல்யாணத்துக்கு மேடை போட்டும் ஒரு தாலி கட்டுவதைக்கூட நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. மேளம் கொட்டும் நேரத்தில் எல்லோரும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள், நான் எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வேலை அப்படி.

போன ஆவணியில் நீ வந்தாய். நோட்டைப் பார்த்து, "இன்னுமா மாமா இத வச்சிருக்கீங்க?" என்று தலையில் கை வைத்தாய். வெப்சைட் போட்டால் ஜனங்கள் வீட்டிலிருந்தே தேதி குறித்துக்கொள்வார்கள், மேடையைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்றாய். ஜோதிகாவும் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே, நீ அங்கிருந்து செய்ய, அவள் இங்கிருந்து சரிபார்க்கட்டும் என்றாய். நானும் சரி என்றேன். அந்த ஒரு சரியைச் சொன்ன வாயை நான் இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஐப்பசியில் என் போனுக்கு மூன்று விலாசம் அனுப்பினாய். லோக்கல் ஒன்று, ஸ்டேஜிங் ஒன்று, புரடக்‌ஷன் ஒன்று. கூடவே ஒரு கும்பிடு படம். வேறு விளக்கம் கிடையாது. நான் மூன்றையும் எழுதி வைத்து நிதானமாக யோசித்தேன். லோக்கல் என்றால் உள்ளூருக்கு. பாளையம்பட்டிக்காரருக்கு வேண்டியது என்று பஸ் ஸ்டாப் டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னேன். பதினோரு பேர் போனில் அடித்துப் பார்த்தார்கள். பதினோரு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. "அண்ணாச்சி, ஒங்க லோக்கலு ரொம்ப லோக்கலா இருக்கே" என்று டீ ஆற்றுகிறவன் வரைக்கும் கிண்டல். கடையில் ஜோதிகாவின் லேப்டாப்பில் மட்டும் அது நன்றாகத் திறந்தது. "லோக்கல்னா இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான்ப்பா தெரியும், வெளிய ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். ஒருத்தருக்கும் தெரியாமல் எதற்கம்மா ஒரு வியாபாரம் என்று கேட்டேன்.

அடுத்து புரடக்‌ஷன். நாம் என்ன படமா எடுக்கிறோம்? அதை விட்டுவிட்டேன். மிச்சம் ஸ்டேஜிங். நம் தொழிலே ஸ்டேஜ் போடுவதுதானே! அக்கா மகன் எவ்வளவு பொருத்தமாகப் பேர் வைத்திருக்கிறான் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெயின்டர் மதன்குமாரைக் கூப்பிட்டு, ஸ்டேஜிங் என்று ஆரம்பிக்கும் அந்த விலாசத்தைக் கடை போர்டில் எழுதினேன், குட்டியானை வண்டியின் பின்னால் எழுதினேன், நானூறு நாற்காலியின் முதுகிலும் எழுதினேன். யார் எங்கே உட்கார்ந்தாலும் பின்வரிசையில் இருப்பவர் கண்ணில் படும் அல்லவா? அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

முதல் பதிவைக் கார்த்திகையில் ஜோதிகாவின் லேப்டாப்பில் பார்த்தேன். மணமகன் டெஸ்ட், மணமகள் டெஸ்ட் இரண்டு, ஊர் திருச்சுழி. பேர் ஒரு மாதிரி இருக்கிறதே என்று இருளாண்டியிடம் கேட்டேன். அவன் என்னிடம் இருபது வருசமாகக் கம்பு ஊன்றுகிறவன். "வேதக்காரவுகளா இருப்பாக அண்ணாச்சி, அவுகள்ளதான் இப்படிப் பேரு வப்பாக" என்றான். வண்டி நிறைய லோடு ஏற்றிக்கொண்டு போய்த் திருச்சுழி முழுக்க டெஸ்ட் வீடு எது, டெஸ்ட் வீடு எது என்று விசாரித்திருக்கிறான். கடைசியில் ஒரு சர்ச் வாசலில் கம்பை இறக்கப் போனவனைப் பாதிரியார் பார்த்து, உட்கார வைத்து, மோர் கொடுத்து, "தம்பி, அப்படி ஒரு குடும்பம் நம்ம சபையில இல்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நீ சோதனைக்குப் போட்ட பேர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மோர் மட்டும் நிஜம்.

அதற்கப்புறம் நரிக்குடிக்காரர் ஒருவர். நீ மாதிரிக்கு என்று எந்த தேசத்துப் படத்தையோ போட்டிருந்தாய். வெள்ளைத் துணியில் ஒரு வளைவு, அதற்குப் பின்னால் நீலக் கடல். அவர் போனில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கே வந்து, அதுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். வளைவு கட்டிக் கொடுத்தேன். "கடல் எங்க அண்ணாச்சி?" என்றார். குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற ஊரில் கடலுக்கு நான் எங்கே போவேன்? "படத்துல இருந்துச்சுல்ல?" என்று அவர் கேட்க, இருந்தது என்று நான் ஒத்துக்கொள்ள, கடைசியில் நீலப் புடவை நாலு வாங்கிப் பின்னால் கட்டி, இருளாண்டி ஃபேனைத் திருப்பி வைத்து அலை அடிக்க விட்டான். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இதற்காக நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். எம்.ரெட்டியபட்டியிலிருந்து போன். பருத்தி விவசாயம் பார்க்கிற கோட்டைச்சாமி.

"அண்ணாச்சி, வண்டி எங்க வந்துக்கிட்டு இருக்கு?"

"எந்த வண்டிண்ணே?"

"என்ன அண்ணாச்சி வெளையாடுறீக? நாளக்கி எம்மக செல்வலட்சுமிக்குக் கல்யாணம். இன்னும் ஒரு கம்பு எறங்கல. சொந்தக்காரவுக எல்லாம் வந்து வெயில்ல நிக்கிறாக."

நோட்டைப் புரட்டினேன். நோட்டில் இல்லை. லேப்டாப்பில் ஜோதிகா தேடினாள், அதிலும் இல்லை. கோட்டைச்சாமி பொய் சொல்கிற மனுசன் இல்லை. தை மாதமே என் வண்டியின் பின்னால் இருந்த விலாசத்தைப் பார்த்து, தன் போனிலேயே பதிந்திருக்கிறார். உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டது என்று பச்சையில் டிக் போட்டுக் காட்டியதைப் படமும் பிடித்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. என் கம்பு, தகரம் எல்லாம் நரிக்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போய் நிற்கிறது. கடையில் மிச்சம் இருந்தது நாற்காலியும் இரண்டு சீரியல் செட்டும்.

முப்பத்தொரு வருசத்தில் முதல் தடவையாக எனக்கு எதிர்க்கடை போட்டிருக்கும் பந்தல்காரன் தனுஷ்கோடியிடம் போய் நின்றேன். அவனிடம் ஒரு முழம் கயிறு கூட நான் கேட்டதில்லை, அவனும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவுடன் கம்பும் தகரமும் கொடுத்தான், அதைச் சொல்ல வேண்டும். கொடுத்துவிட்டு, "வெப்சைட்டு நல்லா ஓடுதாக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினேன். அவனிடமும் மேடைப் பலகை இல்லை, மறுநாள் எல்லா இடத்திலும் முகூர்த்தம். கோட்டைச்சாமி வீட்டில் பருத்தி ஏற்றுகிற டிராக்டர் டிரைலர் இரண்டு நின்றது. இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்து, மேலே ஜமக்காளம் விரித்து மேடை என்று ஆக்கினேன். பின்னால் கட்டத் துணி கிடையாது. ஜோதிகா என்னோடு வந்திருந்தாள். களத்தில் கிடந்த சோளத்தட்டையை வரிசையாக நிறுத்திக் கட்டி, வெடித்த பருத்திக் காயைக் காம்போடு பறித்துவரச் சொல்லி, இடையிடையே செருகிக்கொண்டே போனாள். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் தாலி கட்டி முடிகிற வரைக்கும் இருளாண்டி டிரைலர் சக்கரத்தின் கீழேயே உட்கார்ந்து கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் எல்லாம் இது என்ன புது மாடல், எங்கே பார்த்துச் செய்தீர்கள் என்று போனில் படம் பிடித்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கேள் மாப்பிள்ளை. எல்லாம் முடிந்து சாமான் ஏற்றும்போது கோட்டைச்சாமி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். "நல்லாத்தான் பண்ணிட்டீக அண்ணாச்சி. ஆனா நேத்து ஒரு மணி நேரம், எங்கல்யாணத்துக்கு மட்டும் ஏம்ப்பா பந்தல் வரலன்னு எம்பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா" என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நானும் ஒரு பொண்ணை வைத்திருக்கிறவன்.

அன்றைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன், நீ என்விரான்மென்ட் கேட்டாய். பிறகு பொறுமையாகச் சொன்னாய். "லோக்கல்னா நாங்க மட்டும் வச்சுச் செஞ்சு பாக்குறது மாமா. ஸ்டேஜிங்னா ஊருக்கு விடுறதுக்கு முன்னாடி நாலு பேருகிட்ட காட்டிச் சரிதானான்னு கேக்குறது. புரடக்‌ஷன்தான் நிஜம். ஸ்டேஜிங்ல வர்ற மெசேஜு எல்லாம் யாரும் தொறக்காத ஒரு பொட்டிக்குப் போற மாதிரி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மொத்தத்தையும் தொடச்சுட்டுப் புதுசா வச்சிரும்." கோட்டைச்சாமி மகள் கல்யாணத்தை அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைத்துவிட்டது. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேட்டதற்கு, "கோடு ஒண்ணுதான் மாமா, கான்ஃபிகரேஷன்தான் வேற வேற" என்றாய். எனக்குப் புரியாமல் இல்லை. அதே கம்பு, அதே தகரம்தான். கல்யாண வீட்டில் கட்டினால் வாசலில் வாழை மரம் உண்டு, இழவு வீட்டில் கட்டினால் கிடையாது. அதைத்தானே நீ இங்கிலீஷில் சொல்கிறாய்? "ஆமா மாமா, கரெக்டாப் புடிச்சிட்டீங்க!" என்று நீ குதித்தாய். எனக்குக் குதிக்கத் தெம்பு இல்லை. அப்படியானால் இது நிஜமில்லை, சோதனைக்கு என்று வாசலில் ஒரு வரி எழுதித் தொங்கவிட்டிருக்கக் கூடாதா? பந்தல்காரனுக்குத் தெரிந்தது பெங்களூர்க்காரனுக்குத் தெரியாதா?

சரி, நானே அந்தக் கான்ஃபிகரேஷனைப் பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்காது. என்வ் ஃபைல் என்று ஒன்று இருக்கிறதாம். அதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறதாம். யாருக்கும் காட்டக் கூடாதாம், யாருக்கும் அனுப்பக் கூடாதாம், ஒரு கம்ப்யூட்டரில் இருப்பது இன்னொன்றில் இருக்காதாம். அதைப் பற்றித்தான் நீயும் ஜோதிகாவும் தினம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் போனில் பேசுகிறீர்கள். கடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கின சந்தில் நின்றுகொண்டு பேசுகிறாள். நான் போனால் குரலைத் தாழ்த்துகிறாள். "என்னம்மா பேச்சு?" என்றால், "கான்ஃபிகரேஷன்ப்பா" என்கிறாள். கான்ஃபிகரேஷனில் சிரிக்க என்ன இருக்கிறது என்று உன் அத்தை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். என் தொழிலைக் கவிழ்த்த ஒரு ஃபைலுக்காக என் பொண்ணு இப்படி மெனக்கெட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அதுவும் ஒரு வருத்தம்.

ஆகவே மருமகனே, முடிவாகச் சொல்கிறேன். லோக்கல், ஸ்டேஜிங், புரடக்‌ஷன் மூன்றையும் இந்தக் கடிதம் கண்டவுடன் மூடிவிடு. எனக்கு நீள நோட்டு போதும். எலி கடித்தால் கடித்த இடம் தெரியும், நோட்டு பச்சை டிக் போட்டுக் காட்டிவிட்டுச் சுத்தமாகத் துடைத்துவிடாது. மதன்குமார் காலையிலிருந்து நாற்காலி முதுகைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான், இன்னும் முந்நூற்றுப் பத்து பாக்கி. ஜோதிகாவுக்கும் இனி இந்த வேலை வேண்டாம், லேப்டாப்பை மூடி வைக்கச் சொல்லப் போகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அலுப்புதான். ஆனாலும் இந்த அலுப்பு தீருகிற வரைக்கும், ஒரு ஆறு மாசத்துக்கு, நீ இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

வேளைக்குச் சாப்பிடு. அங்கே மழை பெய்தால் நனையாதே, எங்களுக்கும் கொஞ்சம் அனுப்பி வை. அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல். எல்லா நலமும் உனக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
அருஞ்சுனை.

பின்குறிப்பு: கவரில் எழுத உன் பெங்களூர் விலாசம் வேண்டியிருந்தது. ஜோதிகா தையற்கடைக்குப் போயிருக்கிறாள். லேப்டாப்பில் இருக்கும் என்று திறந்தேன். லோக்கல் திறந்தபடி கிடந்தது. அதில் ஒரே ஒரு பதிவு. மணமகன் ஆனந்தகுமார். மணமகள் ஜோதிகா. வைகாசி மாதம், இடம் பாளையம்பட்டி. மேடை, சோளத்தட்டையும் பருத்திக் காயும். இதுவும் டெஸ்ட்தான் என்று மூடப் போனேன். ஆனால் கார்த்திகையில் பதிந்து, இதுவரைக்கும் பதினேழு தடவை திருத்தியிருக்கிறது. எவனும் ஒரு டெஸ்ட்டைப் பதினேழு தடவை திருத்த மாட்டான். கீழே நிலைமை என்ற இடத்தில், அப்பா சம்மதத்துக்குக் காத்திருக்கிறது என்று இருக்கிறது. குறிப்பு என்ற இடத்தில் ஜோதிகா எழுதியிருக்கிறாள்: "பந்தல் வேலையை தனுஷ்கோடி அண்ணாச்சிகிட்ட சொல்லணும். அப்பா அன்னைக்கு ஒரு நாளாவது உக்காந்து தாலி கட்டுறதப் பாக்கணும்."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மேலே எழுதினது எல்லாம் ரத்து. எதையும் மூடாதே. மதன்குமாரையும் சுரண்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதல் வரியில் மருமகன் என்று எழுதினேனே, அது அக்கா மகன் என்ற வழக்கத்துக்கு எழுதினது. இப்போதும் வார்த்தை ஒண்ணுதான், கான்ஃபிகரேஷன்தான் வேற. தனுஷ்கோடியே பந்தல் போடட்டும், ஆனால் கயிற்றை நான் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். நீங்கள் இரண்டு பேரும் லோக்கலில் ஓட்டினது போதும். அக்காவையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து, நாலு பேர் முன்னால் ஸ்டேஜிங்கில் வைத்துச் சரிதானா என்று முறைப்படி கேள். உன் அத்தை எதையும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வாள், பிறகு சரி என்பாள். வைகாசியில் புரடக்‌ஷன்.

ஸ்டேஜிங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் சனிக்கிழமையே வந்துவிடு.